சிவப்புத் தட்டைப்புழு டேங்க் முழுக்கப் பரவிவிட்டது, மருந்து ஊற்றுவதற்கு முன் கேட்கிறேன்

அலைக்கூடு:

வணக்கம். என் கடல்நீர் மீன்-பவள டேங்க் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. 120 × 45 × 45 சென்டிமீட்டர், கீழே சம்பில் (வடிகட்டும் தொட்டியில்) இன்னொரு 60 லிட்டர். உப்புநீரின் அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, நைட்ரேட் 20-ஐ ஒட்டி நிற்கிறது. மீன்களில் இரண்டு க்ளவுன், ஒரு கோபி, ஒரு மாண்டரின். பவளத்தில் ஜோவாந்தஸ், காளான் பவளம், மூன்று தலையுள்ள ஒரு யூஃபிலியா.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஜோவா ஃப்ராக் (ஜோவாந்தஸின் வெட்டிய சிறு துண்டு) வந்தது. அன்று டிப் செய்யாமல், அதாவது மருந்துநீரில் முக்கியெடுக்காமல், நேராக உள்ளே வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து மணலில் துரு நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. டயாட்டம் பாசி என்று நினைத்துக் கிளறிவிட்டேன். மறுநாள் மதியம் பார்த்தால் அந்தத் திட்டு கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் நாலைந்து மில்லிமீட்டர் நீளம், காகிதம் போல மெல்லிசு, பின்பக்கம் மூன்று வால் நுனிகள். கால் இல்லை, நெளிவும் இல்லை, அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது.

இப்போது நிலைமை மோசம். காலையில் விளக்கு எரியும்போது ஒன்றும் தெரியாது. மதியம் வெளிச்சம் உச்சிக்கு வரும்போது வலது மூலை, அதாவது தண்ணீரைச் சுழலவைக்கும் வேவ்மேக்கரின் ஓட்டம் சரியாகப் படாத இடம், முழுக்கச் செம்பழுப்பாக மாறிவிடுகிறது. யூஃபிலியாவின் ஒரு தலை பத்து நாளாக விரியவில்லை. அதன் கழுத்தைச் சுற்றி இவைதான் அப்பிக்கொண்டிருக்கின்றன.

தட்டைப்புழுவுக்கான மருந்து ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். அதை ஊற்றிவிடலாமா? என் பயம் மாண்டரினை நினைத்துத்தான். உறைந்த தீனிக்கு அதைப் பழக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. தினமும் ஒரே நேரம், ஒரே இடத்தில் பிப்பெட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பழக்கினேன். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் தாங்க மாட்டேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


நீலவிளிம்பு:

நண்பரே, ஆறு கோடு ராஸ் மீன் ஒன்று விடுங்கள். என் டேங்கில் அதுதான் தின்று தீர்த்தது. மஞ்சள் கோரிஸ், மெலனூரஸ் ராஸ் இரண்டும்கூடத் தட்டைப்புழுவைத் தின்னும் என்பார்கள். மருந்தெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.


பழைய சம்ப்:

தம்பி, பாட்டிலை இன்றைக்குத் திறக்காதீர்கள். அடுத்த வாரமும் வேண்டாம். காரணத்தை என் அனுபவத்தோடு சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன அடையாளத்தைப் பார்த்தால் இது கன்வொலூட்ரிலோபா ரெட்ரோஜெம்மா, நாம் எல்லோரும் 'ரெட் பிளானேரியா' என்று சொல்வது. மூன்று வால் நுனி, துரு நிறம், வெளிச்சத்தைத் தேடிப் போவது எல்லாம் பொருந்துகிறது. 1988-இல்தான் இதற்கு இந்தப் பெயர் வந்தது. ரெட்ரோஜெம்மா என்றால் பின்னோக்கிய மொட்டு. தாய்ப்புழுவின் வால்பக்கத்தில் குட்டி ஒன்று மொட்டாகக் கிளம்பும், அதன் தலை தாயின் தலைக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கும். கொஞ்ச நாளில் கழன்று தனியாகப் போய்விடும். ஜோடி தேவையில்லை. ஒரு ஃப்ராக்கில் ஒட்டிவந்த ஒன்றே ஒன்று இரண்டு மாதத்தில் ஒரு மூலையையே நிறைப்பது இப்படித்தான்.

இது உங்கள் பவளத்தைத் தின்னவில்லை. உடம்புக்குள் பாசியை வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் வாழ்கிறது. கூடவே கோபிபாட் என்ற மிகச்சிறு ஓட்டுடலி போன்றவற்றைப் பிடித்துத் தின்னும். பூதக்கண்ணாடியில் பொறுமையாகப் பாருங்கள்: முன்பகுதியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு நிற்கும், கோபிபாட் அடியில் வந்ததும் போர்வை போல மூடிவிடும். உங்கள் மாண்டரினுக்குப் போக வேண்டிய இரை அது. யூஃபிலியா சுருங்கிக் கிடப்பது வெளிச்சம் மறைக்கப்படுவதாலும் ஓயாத உராய்வாலும்தான். பவளம் தாங்கும், அவகாசம் இருக்கிறது.

இப்போது மருந்து விஷயம். ஆறு வருடத்துக்கு முன் எனக்கும் இதே வலது மூலைதான். மருந்து வாங்கி வந்த அன்றே ஊற்றினேன். புழுக்களை முன்கூட்டி எடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் வேலை செய்தது. பாறையிலிருந்து புழுக்கள் சுருண்டு சுருண்டு விழுந்தன, வேவ்மேக்கர் அள்ளிக்கொண்டு போனது, டேங்க் முழுக்கத் துருத்தூள் பறந்தது போல இருந்தது. நான் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்தில் க்ராமா மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. செவுள் அடிப்பு எண்ண முடியாத வேகம். வீட்டில் இருந்தது தண்ணீரிலுள்ள நஞ்சை உறிஞ்சும் கார்பன், பாதி டப்பா, அதுவும் பழையது, அதை ஒரு காலுறையில் கட்டிப் போட்டேன். தயாரான உப்புநீர் இருபது லிட்டர் மட்டுமே. மறுநாள் காலை க்ராமாவும் ஒரு க்ளவுனும் இறந்து கிடந்தன. அந்த க்ளவுன் என்னிடம் ஏழு வருடம் இருந்தது.

மருந்து அவற்றைக் கொல்லவில்லை. சரியான அளவில் அந்த மருந்து மீனுக்கு ஒன்றும் செய்யாது. இந்தப் புழு சாகும்போது உடம்பிலிருந்து வெளியேறும் திரவம்தான் விஷம். பத்துப் புழு செத்தால் உங்கள் டேங்க்குக்குத் தெரியவே தெரியாது. ஐயாயிரம் ஒரே மணி நேரத்தில் செத்தால் தண்ணீரே நஞ்சு. அதனால் மருந்து ஊற்றுவதற்கு முன்னால் எத்தனை புழுவை உயிரோடு வெளியே எடுக்கிறீர்கள் என்பதில்தான் மாண்டரினின் உயிர் இருக்கிறது.

ராஸ் பற்றிச் சொன்ன நண்பருக்கு: சில ராஸ் தின்னும், சில திரும்பியே பார்க்காது. நான் விட்ட ஆறு கோடு ராஸ் ஒரு புழுவைக்கூடத் தொடவில்லை. அது மட்டுமில்லை, அந்த மீன் கோபிபாட் வேட்டையில் கெட்டி. மாண்டரின் இருக்கும் டேங்கில் இன்னொரு வாயைப் போட்டிக்குக் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை. குணமும் முரடு. சிறிய டேங்கில் விட்டபின் பிடித்து வெளியே எடுக்கப் பாறை எல்லாவற்றையும் கலைக்க வேண்டும்.


அலைக்கூடு:

அண்ணா, படித்ததும் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். எடுப்பது என்று சொன்னீர்கள், எப்படி எடுப்பது? பெரிய குழாய் வைத்தால் இரண்டு நிமிடத்தில் வாளி நிறைந்துவிடுகிறது. மணலும் சேர்ந்து வருகிறது.


பழைய சம்ப்:

ஏர் பம்புக்கு மாட்டும் மெல்லிய ட்யூப் போதும், உள்விட்டம் நான்கு மில்லிமீட்டர். அதன் நுனியை ஒரு நீளமான பிளாஸ்டிக் குச்சியில் கட்டிக்கொள்ளுங்கள், நுனி குச்சியைவிட விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். மறுநுனி கீழே வாளியில். இடம் மாற்றும்போது ட்யூபை விரலால் மடக்கிப் பிடித்தால் ஓட்டம் நிற்கும். பத்து நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டருக்கு மேல் போகாது.

மதியம் எடுங்கள், இரவில் வேண்டாம். வெளிச்சம் உச்சியில் இருக்கும்போதுதான் எல்லாம் மேலே வந்து நிற்கும். எடுப்பதற்கு முன் வேவ்மேக்கர், ரிட்டர்ன் பம்ப் இரண்டையும் நிறுத்துங்கள். நகத்தால் சுரண்டாதீர்கள், பிரஷ் போடாதீர்கள். இந்த இனத்துக்கு இழந்த பாகத்தைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும் திறன் அதிகம், கிழிந்த துண்டு ஓட்டத்தில் போய் வேறு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ட்யூபை மேலிருந்து நேராகக் குத்தாமல், புழுவின் விளிம்புப் பக்கமாகச் சாய்த்துக் கொண்டுபோனால் போர்வையை உருவுவது மாதிரி முழுசாகக் கழன்று வரும். கை பழக இரண்டு நாள் ஆகும்.

இன்னொன்று. டேங்க் விளக்கை அணைத்துவிட்டு ஒரு மூலையில் மட்டும் டார்ச் அடித்து வையுங்கள். அரைமணியில் அக்கம்பக்கத்தில் இருப்பவை அங்கே கூடும். பாறை இடுக்கில் உள்ளதை வெளியே வரவைக்க எனக்குக் கைகொடுத்த வழி அதுதான்.

வாளித் தண்ணீரைத் திரும்ப ஊற்ற வேண்டாம். ஃபில்டர் சாக்கில் வடிகட்டினாலும் நசுங்கிய புழுவின் சாறு அதில் இருக்கும். எடுத்த அளவுக்குப் புதிய உப்புநீர் ஊற்றுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் நைட்ரேட்டும் இறங்கும். அந்த வலது மூலைக்கு ஓட்டம் போகும்படி வேவ்மேக்கரைத் திருப்பி வையுங்கள், அழுக்கு தங்கும் தேங்கிய இடம்தான் அதற்குப் பிடித்த இடம்.


கோபுரப்பவளம்:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். இதைப் படிக்கும், ஆக்ரோபோரா என்ற கிளைப்பவளம் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'தட்டைப்புழு' என்றாலே இதே வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆக்ரோபோராவைத் தின்னும் புழு முழுக்க வேறு. 2011-இல் அமாகுசாபிளானா அக்ரோபோரே என்று விவரிக்கப்பட்டது, இப்போது ப்ரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே என்கிறார்கள். அலைக்கூடு டேங்கில் இருப்பது ஏசீல் வகை, குடல் என்று தனியாக ஒன்று இல்லாத உயிர். 1999-இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு அதை உண்மையான தட்டைப்புழுக் குடும்பத்தில் சேர்ப்பதே தவறு என்ற கருத்து வலுத்துவிட்டது. ஆக்ரோபோராவில் இருப்பதோ அசல் தட்டைப்புழு, பவளத்தின் சதையையே தின்னும்.

அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். தின்ற பவளத்தின் நிறத்தையே உடம்பில் ஏற்றிக்கொண்டு அதன் மேலேயே ஒட்டிக் கிடக்கும். நான் இரண்டு மாதம் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து விளக்கை மாற்றிக்கொண்டிருந்தேன். பவளத்தின் நிறம் மங்கி, கிளையில் வட்ட வட்டமாக வெளிறிய கடித்தடம் தெரிந்தபிறகுதான் சந்தேகம் வந்தது. பிப்பெட்டால் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சினேன், விரல் நகம் போல ஒன்று பிரிந்து சுழன்று விழுந்தது. பவளத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில், சதை போய் வெற்று எலும்பாக இருந்த இடத்தில், பழுப்பு முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

டிப் செய்தால் புழு விழும், முட்டை சாகாது. முட்டை இருக்கும் அடித்தண்டை வெட்டியெறிய வேண்டும், அல்லது பிளேடால் சுரண்ட வேண்டும். அப்புறம் வாரம் ஒரு டிப், குறைந்தது ஆறு வாரம். இடையில் விட்டுவிட்டால் பொரித்தவை வளர்ந்து மறுபடி முட்டையிட்டுவிடும். டேங்கில் நேரடியாக ஊற்றும் மருந்தை இதற்கு நம்பாதீர்கள்.


கடல்வெள்ளரி:

எனக்கு மருந்தே பிடிக்காது. கெலிடோனூரா வேரியன்ஸ் என்று ஒரு நத்தை இனம் இருக்கிறது, கருப்பு வெல்வெட்டில் நீலக்கோடு இழுத்தது போல இருக்கும். இந்தப் புழு வகையைத் தவிர வேறு எதையும் தின்னாது. அதை விட்டால் இயற்கையாக முடிந்துவிடுமே?


பழைய சம்ப்:

வேலை செய்யும், மறுக்கவில்லை. அது தன் வாயால் புழுவை உறிஞ்சுவதைப் பார்ப்பதே ஒரு அழகு. ஆனால் நீங்களே சொன்னீர்கள், வேறு எதையும் தின்னாது. புழு தீர்ந்த அன்றிலிருந்து அது பட்டினி. முன்னாலேயே வேறு புழு டேங்க் வைத்திருக்கும் ஒருவரிடம் பேசி வைத்து, இங்கே முடிந்ததும் அங்கே அனுப்பிவிடும் ஏற்பாடு இருந்தால் மட்டும் வாங்குங்கள். பம்ப் உறிஞ்சும் வாய் எல்லாவற்றுக்கும் ஸ்பாஞ்ச் கட்ட வேண்டும், இல்லையென்றால் முதல் வாரமே இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு புழுவை ஒழிக்க இன்னொரு உயிரை வாங்கிச் சாகவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தம்பி, மருந்துநாள் வரும்போது செய்ய வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன். டேங்க் வெளி அளவை வைத்து மருந்தைக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் அளவுக்கு 243 லிட்டர் வரும், ஆனால் மேலே விட்ட இடைவெளி, மணல், பாறை எல்லாம் கழித்து, சம்ப் தண்ணீரைச் சேர்த்து உண்மையான தண்ணீர் எவ்வளவு என்று பாருங்கள். லேபிளில் போட்ட அளவை அந்தக் கணக்குக்குக் கொடுங்கள். முதல்நாள் ஒரு லிட்டர் டேங்க் தண்ணீரில் பத்துப் புழுவை விட்டு அதே விகிதத்தில் மருந்து போட்டுப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் சுருள்கிறது என்று தெரிந்துவிடும், டேங்கில் பதறாமல் இருப்பீர்கள்.

மருந்து ஊற்றும் முன் கார்பனை எடுத்துவிடுங்கள். ஆனால் புதிய கார்பன், கழுவி, பையில் போட்டு, கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருக்கட்டும். நுரையால் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரை நான் ஓடவிடுவேன், காற்றுக்காக. இரண்டு ஏர் ஸ்டோன் கூடுதலாகப் போடுங்கள். உப்புநீர் 80 லிட்டராவது அதே வெப்பத்தில் கலக்கி வையுங்கள். முக்கியமாக, அன்று முழுக்க நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். மாலையில் ஊற்றிவிட்டுத் தூங்கப் போகும் வேலையே வேண்டாம்.

எப்போது ஊற்றுவது என்றால், மதியம் தேடித் தேடிப் பத்து நிமிடத்தில் முப்பதுக்குக் கீழே கிடைக்கும் நாள் வரட்டும்.


அலைக்கூடு:

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். யாருக்காவது பயன்படட்டும் என்று எல்லாவற்றையும் சொல்கிறேன்.

எடுத்ததை ஒவ்வொரு நாளும் வெள்ளைத் தட்டில் ஊற்றி எண்ணினேன். முதல் நாள் 380 வரை எண்ணிக் கண் வலித்து நிறுத்திவிட்டேன். இரண்டாம் நாள் 410. மூன்றாம் நாள் 290. அப்புறம் இரண்டு நாள் வேலை காரணமாக எடுக்க முடியவில்லை, ஆறாம் நாள் மறுபடி 350. அன்று மனசு உடைந்துவிட்டது. ஆனால் ஓட்டத்தைத் திருப்பிவைத்த பிறகு வலது மூலையில் அவை தங்கவில்லை, கண்ணாடியில் வந்து நின்றன, எடுக்கச் சுலபமாகிவிட்டது. டார்ச் வழியும் நன்றாக வேலை செய்தது. யூஃபிலியா கழுத்திலிருந்து அவற்றை உருவிய மூன்றாம் நாளே மூடிக் கிடந்த தலை பாதி விரிந்தது. பதினாறாம் நாள் கணக்கு 22.

மறுநாள் காலை கோப்பையில் சோதித்தேன். நான்காவது நிமிடத்தில் பின்பக்க மூன்று நுனியும் உள்ளே மடங்கின, ஏழாவது நிமிடத்தில் எல்லாம் சுருண்டு அடியில். தண்ணீர் லேசாகப் பழுப்பானது. பத்தே பத்துப் புழு ஒரு லிட்டர் தண்ணீரின் நிறத்தை மாற்றியதைப் பார்த்தபோதுதான், அண்ணா, நீங்கள் சொன்னதன் கனம் எனக்கு முழுதாகப் புரிந்தது. 400 இருந்த நாளில் ஊற்றியிருந்தால் என்று நினைத்தாலே நடுங்குகிறது. அதுவும் நான் எண்ணியது கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும்.

உண்மையான தண்ணீர் 255 லிட்டர் என்று கணக்கு வந்தது. காலை பத்து மணிக்கு ஊற்றினேன். பத்தேகாலுக்குப் பாறை அடியிலிருந்து புழுக்கள் வரத் தொடங்கின. நான் பார்க்காத இடங்களிலிருந்து எவ்வளவு வந்தன தெரியுமா, நூற்றைம்பதுக்குக் குறையாது. ட்யூபும் மீன்வலையுமாக மிதந்தவற்றை எடுத்துக்கொண்டே இருந்தேன். பதினொன்றுக்குக் கார்பன் போட்டு, 70 லிட்டர் மாற்றினேன். க்ளவுன் இரண்டும் வழக்கம்போல இருந்தன. மாண்டரின் ஒரு மணி நேரம் பாறைக்குக் கீழே போய் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நான் தரையில் படுத்து அதன் செவுளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீராக அடித்தது. மாலை ஐந்து மணிக்குப் பிப்பெட்டை அதே இடத்தில் நீட்டினேன். வந்து வாங்கிக்கொண்டது.

இன்று பன்னிரண்டாம் நாள். நேற்று வரை ஒன்றும் இல்லை. இன்று மதியம் ஜோவா ஃப்ராக்கின் ப்ளக் (அது ஒட்டியிருக்கும் அடிக்கட்டை) அடியில் சின்னதாக ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. எடுத்துவிட்டேன். இரண்டாவது டோஸ் கொடுக்கலாமா, இல்லை பார்த்துப் பார்த்து எடுத்தால் போதுமா?


பழைய சம்ப்:

மாண்டரின் வந்து வாங்கிக்கொண்டது என்ற வரியை இரண்டு தடவை படித்தேன் தம்பி. மனசு நிறைந்தது.

ஒன்று தெரிந்தால் கண்ணில் படாதவை இன்னும் இருக்கும். இரண்டாவது டோஸ் கொடுங்கள், இந்த வாரக் கடைசிக்குள். இப்போது எண்ணிக்கை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு, ஆனால் ஏற்பாட்டில் எதையும் குறைக்காதீர்கள். அதே உப்புநீர், அதே ஏர் ஸ்டோன், அன்று வீட்டிலேயே இருப்பது. முதல் தடவை போட்ட கார்பனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். ஜோவா ப்ளக்கைப் பாறையிலிருந்து கழற்றி, தனியாக டிப் செய்து, முடிந்தால் அந்தப் ப்ளக்கையே வெட்டியெறிந்து வேறு ப்ளக்கில் ஒட்டிவிடுங்கள். இடுக்கு எல்லாம் அதில்தான் இருக்கும்.


அலைக்கூடு:

சரி அண்ணா. கார்பன் வாங்கிவிட்டேன். ப்ளக்கை வெட்டும்போது உள்பக்கம் ஒரு சின்னத் துளை இருந்தது, அதற்குள் மூன்று புழு. ஞாயிறு காலை இரண்டாவது டோஸ். உப்புநீர் இப்போதே கலக்கி ஹீட்டர் போட்டு வைத்திருக்கிறேன். முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.